கிண்டி முதல் கைப்பேசி வரை: பந்தயப் பணத்தின் வரலாறு

காரைக்குடிப் பக்கம் செல்வோர் பலர் கானாடுகாத்தானில் இறங்கி, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையைப் பார்த்துவிட்டே திரும்புகின்றனர். அவ்வில்லத்தின் பேரர் எம்.ஏ.எம். இராமசாமி இந்தியக் குதிரைப் பந்தய உலகில் பெரும்பெயர் பெற்றவர். அவருடைய குதிரைகள் நூற்றுக்கணக்கான கிளாசிக் பந்தயங்களை வென்றன. தமிழகத்தில் பந்தயத்தின் வரலாற்றைப் பேச இந்த ஊரிலிருந்து தொடங்குவது பொருத்தமே.

குதிரை ஓட்டம் நமக்கு அந்நியமன்று. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் போட்டி நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையும், மற்றவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் ஓடின. இப்னு உமர் (ரலி) அவர்களும் கலந்துகொண்டதாகப் புகாரியில் காண்கிறோம். வென்றவருக்கு ஆட்சியாளரோ மூன்றாமவரோ பரிசளிக்கலாம் என்றனர் ஃபிக்ஹு அறிஞர்கள். போட்டியாளர் இருவருமே பணம் வைத்து, தோற்றவர் பணத்தை வென்றவர் எடுப்பதற்குப் பெரும்பாலோர் கடும் நிபந்தனை விதித்தனர். குதிரையும் ஓட்டாமல், ஓரத்தில் நின்று பணம் கட்டுவோனுக்கு அங்கே இடமே இல்லை. அது மைஸிர், தெளிவான சூது.

நாட்டுச் சட்டம் வேறு வழியில் சென்றது. கிண்டியில் 1777 முதல் பந்தயம் நடந்துவந்தது. 1974-இல் தமிழக அரசு அதை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஜனவரியில் வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, ஆகவே சூதாட்டமன்று என்றது. குதிரையின் பயிற்சியும் ஜாக்கியின் திறனும் காரணங்களாகக் காட்டப்பட்டன. அத்திறன் ஓடுபவரிடம் இருக்கிறது; சீட்டு வாங்குபவனிடம் எங்கே இருக்கிறது என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. இணைய ரம்மி நிறுவனங்களும் பின்னாளில் நீதிமன்றங்களில் இதே திறமை வாதத்தையே முன்வைத்தன.

இதற்கிடையே பந்தயத்தின் கெடு சுருங்கிக்கொண்டே வந்தது. அமெரிக்காவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியபின் பல மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கின. அங்கே கல்லூரிக் கால்பந்தில் முதல் பாதிக்கு மட்டும் தனியே பணம் கட்டலாம். ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள்; இரண்டு முடிந்ததும் கணக்குத் தீர்ந்துவிடும். இறுதியில் எந்த அணி வென்றாலும் அந்தப் பணத்துக்கு அது பொருட்டன்று. விட்டதைப் பிடிக்க இரண்டாம் பாதி காத்திருக்கிறது. நம் ஊரில் ஐ.பி.எல். ஆட்டத்தின் முதல் ஆறு ஓவருக்கு ரகசியமாகக் கட்டும் பந்தயமும் இதே வகைதான். கிண்டிக்குச் சென்று தோற்றவன் வீடு திரும்பும் வழியிலாவது சற்று யோசித்திருப்பான். கைப்பேசி அந்த வழியையும் இல்லாமற் செய்துவிட்டது.

நம் இளைஞர் சிலர் இதற்கு அபூபக்ர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை ஆதாரம் காட்டுவதுண்டு. பாரசீகரிடம் தோற்ற ரோமர் சில ஆண்டுகளில் வெல்வர் என்ற குர்ஆனின் அறிவிப்பை நம்பி, மக்கத்துக் குறைஷியரிடம் அவர்கள் கெடு வைத்துப் பந்தயம் கட்டினார்கள். திர்மிதீயில் வரும் செய்திதான். ஆனால் பந்தயம் தடைசெய்யப்படுவதற்கு முன்னர் நடந்தது என்பதையும் அதே அறிவிப்பு சொல்கிறது. சூதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்றும், பாவமோ பயனைவிடப் பெரிதென்றும் அல்பகரா அத்தியாயம் கூறுகிறது. முழுத் தடை அல்மாயிதாவில் வந்தது.

இணைய ரம்மியில் பணமிழந்தோரின் தற்கொலைகளுக்குப் பின், 2022-இல் நீதியரசர் சந்துரு குழு அமைந்தது. தமிழகச் சட்டமும் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றபோதும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று அவற்றை விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. கிண்டித் தீர்ப்பு வந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.