மார்கரெட் கசின்ஸும் பெண்கல்விச் சொற்களும்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரலில் உருவாயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூரும் திருப்பதியும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளியும் அதனுள் சேர்ந்தன. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இப்பகுதிக்கு, அயர்லாந்தின் பாயில் என்னும் ஊரில் 1878இல் பிறந்த மார்கரெட் கசின்ஸ் 1915ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தார். டப்ளினில் இசையில் பட்டம் பெற்றவர். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்றவர். மதனப்பள்ளிப் பிரம்மஞான சபைக் கல்லூரியில் கணவர் ஜேம்ஸ் கசின்ஸுடன் ஆங்கிலம் கற்பித்தார்.

1919 பிப்ரவரியில் அங்கு வந்த தாகூர் 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் ஆக்கியதும், அதன் மெட்டைக் கசின்ஸ் சுரக்குறிப்பாக எழுதியதும் பலரும் அறிந்தவை. அவருடைய பெண்கல்விப் பணியோ அந்த அளவிற்கு நினைக்கப்படுவதில்லை.

மதனப்பள்ளியில் அவருடைய ஈடுபாட்டோடு நடந்த பெண்கள் அமைப்பின் பெயர் 'அபலா அபிவர்த்தினி சமாஜம்' என்பதாகும். 'வலிமையற்றவள்' என்பதே 'அபலா' என்பதன் நேர்ப்பொருள். வளர்ச்சியை நாடிய அமைப்பே தன்னை இவ்வாறு அழைத்துக்கொண்டது. 1917 மே மாதம் அடையாற்றில் தோன்றிய அமைப்பில் இச்சொல் இடம்பெறவில்லை. தமிழில் அது 'இந்திய மாதர் சங்கம்' என வழங்கியது. ஆங்கிலத்தோடு இந்திய மொழிப் பகுதிகளையும் தாங்கிவந்த அதன் இதழுக்கு 'ஸ்திரீ தர்மம்' என்று பெயர். தஞ்சையில் 18ஆம் நூற்றாண்டில் திரியம்பகர் எழுதிய 'ஸ்திரீதர்மபத்ததி' மனைவியின் கடமைகளைக் கூறும் நூல். அதே தொடர் இப்போது உரிமையைப் பேசும் இதழின் முகப்பில் நின்றது. சொல் மாறவில்லை, பொருள் இடம்பெயர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க மாற்றம் இது.

1917 டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடுவின் தலைமையில் மகளிர் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது. கசின்ஸ் முதலில் கேட்க எண்ணியது கல்வியே. அரசியல் கோரிக்கைகளுக்கு மட்டுமே நேரம் தரப்படும் என்று அறிந்தபின்னரே வாக்குரிமை விண்ணப்பத்தில் ஏறியது. 'மக்கள்' எனும்போது பெண்களும் அடங்க வேண்டும் என்பது அதன் சாரம். உயர்திணையில் ஆடவரையும் பெண்டிரையும் ஒருங்கே சுட்டும் தமிழ்ச் சொல்லுக்கு இவ்விளக்கம் மிகையாகத் தோன்றலாம். ஆயினும், ஸ்காட்லாந்துப் பட்டதாரிப் பெண்களின் வழக்கில், வாக்களிக்கும் 'ஆட்கள்' என்ற சட்டச்சொல் பெண்களைக் குறிக்காது என்று பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1908இல் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே சொல்லைப் பிடித்து வாதிடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது.

1927 ஜனவரியில் பூனாவில் கூடிய அனைத்திந்திய மாதர் மாநாடு கல்விச் சீர்திருத்தத்தையே முதற்பொருளாகக் கொண்டது. அதைக் கூட்ட முன்னின்றவர் கசின்ஸ். அம்மாநாட்டின் முயற்சியால் 1932இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரி எழுந்தது. அவ்வாண்டில் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசிய கசின்ஸ், சித்தூரை அடுத்துள்ள வேலூர்ச் சிறையில் இருந்தார். 1954இல் மறைந்தார்.

1983இல் திருப்பதியில் பெண்களுக்கெனத் தோன்றிய பல்கலைக்கழகம் 'அபலா', 'ஸ்திரீ' ஆகிய இரண்டையும் விடுத்து 'மகிளா' என்பதை ஏற்றது. தமிழில் அதனைப் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் என்பர்.