மான் பேணலும் வேட்டைக்காரரும்

மான் முதலிய குளம்புள்ள மிருகங்கள் பெருகவேண்டும் என்ற நோக்கத்தோடு, அவற்றை உண்டு வாழும் சிறுத்தை, செந்நாய், ஓநாய் போன்ற ஊனுண்ணிகளை வேட்டையாடிக் குறைப்பது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பல தேசங்களில் வன பரிபாலனத்தின் ஓர் அங்கமாகவே கருதப்பட்டு வந்தது.

இம்முறையின் விளைவுக்கு அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்துக் கைபாப் பீடபூமியையே பலரும் உதாரணமாகக் காட்டுவர். அங்கே நீண்ட செவிகளையுடைய கழுதைமான்களைக் காக்கவென்று 1906-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு சரணாலயத்தை ஏற்படுத்திய பின்னர், சர்க்கார் வேட்டைக்காரர்கள் மலைச்சிங்கங்களையும் ஓநாய்களையும் ஆண்டுக்கணக்கில் சுட்டும் பொறிவைத்தும் ஒழித்துவர, மான்கள் அளவிறந்து பெருகி, எட்டிய தழையையெல்லாம் தின்று தீர்த்து, 1924-ஐ அடுத்த குளிர்காலங்களில் ஆயிரக்கணக்கில் பட்டினியால் மடிந்தன. மான்களின் தொகையைப் பற்றியும், ஆடுமாடுகளின் மேய்ச்சல் குறைந்ததற்கு இதில் எவ்வளவு பங்கு என்பதைப் பற்றியும் பின்வந்த ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபட்டனர். எனினும், அதே நாட்டில் வேட்டைக்காரர் செலுத்தும் உரிமக் கட்டணமும், துப்பாக்கி, தோட்டாக்கள்மீதான வரியிலிருந்து 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கப்பட்ட தொகையும் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பெரும்பொருள் தந்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

தமிழகத்தில் இதற்கு நிகரான வரலாறு நீலகிரியில் உண்டு. வெள்ளைக்கார வேட்டைப் பிரியர்கள் 1877-இல் அங்கு ஒரு சங்கம் கண்டனர். 1879-இல் சென்னை சர்க்கார் இயற்றிய வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு விலக்கான பருவத்தை வகுத்தது. கடமானையும் வரையாட்டையும் இவ்வாறு காத்தவர்களே செந்நாயைத் துஷ்டப் பிராணி என்று பட்டியலிட்டு, கொன்றவனுக்குச் சன்மானமும் அளித்தார்கள் என்பது விசித்திரம். தமக்கு இலக்காக வேண்டிய மானை நாய் தின்றுவிடுகிறதே என்ற ஆதங்கமே இதில் மிகுதி எனல் தகும். அச்சங்கத்தின் வழிவந்தவரும், இளமையில் வேட்டையாடியவருமான வழக்கறிஞர் ஈ. ஆர். சி. டேவிதார், 1963-இல் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்ததோடு, செந்நாய்களின் வாழ்க்கையையும் பொறுமையாகக் கவனித்து எழுதினார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்நாட்டில் இடமில்லாது போயிற்று.

திருவண்ணாமலையின் நிலை வேறு. அவ்வூரின் ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள மலையில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுத்தைகள் உலவின என்பதை, அம்மலையின் விரூபாட்ச குகையில் ரமண மகரிஷி தங்கியிருந்த காலத்துச் செய்திகளால் அறிகிறோம். ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதிக்கருகே வள்ளி என்ற மானுக்கும் சமாதி இருப்பது, இவ்வூரார் மானிடம் கொண்ட பரிவுக்குச் சான்றாகும். இன்று மலையடிவாரக் காப்புக்காட்டில் திரியும் புள்ளிமான்களுக்குச் சத்துரு சிறுத்தையன்று, ஊர்நாய். கோடையில் சுனைகள் வற்றியதும் தண்ணீர் தேடி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையருகே இறங்கும் மானை நாலைந்து நாய்கள் வளைத்துத் துரத்த, அது கம்பிவேலியில் மோதிக் கால் ஒடிந்தோ, கடி ஆழமில்லாதபோதும் அதிர்ச்சியினாலோ உயிர்விடுகிறது. இத்தகைய செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. செந்நாய் பசிக்காகக் கொல்லும். ஊர்நாய்க்கோ வயிற்றுப்பாடு மனிதன் போடும் சோற்றில் நடந்துவிடுவதால், மான் குறைந்தாலும் நாய் குறைவதில்லை. இயற்கையான ஊனுண்ணிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இந்நாய்களைச் சுட்டு ஒழிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். நாட்டுத் துப்பாக்கியோடும் கண்ணியோடும் காட்டுக்குள் நுழைபவனோ மானுக்கே எமன் என்பதால், இவ்வூரில் மான் காக்கும் பொறுப்பு வேட்டைக்காரனிடம் இல்லை. வனத்துறையிடமும் நகர ஆட்சியிடமுமே இருக்கிறது. மலைமேலேயே தொட்டிகளில் தண்ணீர் நிரப்புவது முதற்காரியம். பௌர்ணமியன்று அன்னதானம் செய்யும் அன்பர்கள் எச்சில் தட்டுகளைக் காட்டோரத்தில் விட்டுவிடாமல் அன்றிரவே வாரிக்கொண்டு போவது அடுத்தது.