வெள்ளிக்கிரகத்தவரும் அடையாறும்: எது சமயம், எது பித்து?

கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் ஜனங்கள் ஏறிப்போகலாம். உத்தமபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து திரள் திரளாகப் போகிறார்கள். சிலப்பதிகாரம் சொல்வது என்ன? வேங்கை மர நிழலில் நின்ற ஒருத்தி கணவனோடு வானவூர்தியில் ஏறிப்போனதைக் குன்றக் குறவர்கள் கண்ணால் பார்த்தார்கள். செங்குட்டுவனிடம் வந்து சொன்னார்கள். அரசன் நம்பினான். கல்லெடுக்க இமயம் வரை படை போனது.

இந்தச் சாட்சியத்தை எந்தத் தமிழாசிரியரும் 'பறக்கும் தட்டு' என்று பாடம் நடத்துவதில்லை. தொன்மம் என்கிறோம், பத்தினி வழிபாடு என்கிறோம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் நானும் அப்படித்தான் படித்தேன். அது சரியான வாசிப்புதான். என் கேள்வி வேறு. அதே வகைப் பேச்சை 1954இல் சிகாகோ புறநகரில் ஒரு குடும்பப் பெண் பேசியபோது அதற்கு ஏன் இந்த மரியாதை கிடைக்கவில்லை?

டோரதி மார்ட்டின் என்ற அந்தப் பெண், வேற்றுக்கிரகத்தவர் தன் கைவழியே செய்தி எழுதுவதாகச் சொன்னார். 1954 டிசம்பர் 21இல் பெருவெள்ளம் வரும், நம்பியவர்களைப் பறக்கும் தட்டு வந்து ஏற்றிக்கொள்ளும் என்றார். பத்திரிகைகள் சிரித்தன. அறிஞர்கள் சிரிக்கவில்லை, வேவு பார்த்தார்கள். லியோன் ஃபெஸ்டிங்கர் குழுவினர் நம்பிக்கையாளர்கள் போல ஆட்களை உள்ளே அனுப்பி, 1956இல் புத்தகமாக்கினார்கள். தீர்க்கதரிசனம் பொய்த்த பிறகும் நம்பிக்கை வளரும், பிரச்சாரம் பெருகும் என்ற அந்த முடிவு உளவியல் பாடநூல்களில் வேதவாக்கானது. ஃபெஸ்டிங்கரின் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்துத் தாமஸ் கெல்லி 2025இல் வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொல்கிறது: வேவு பார்த்தவர்கள் குழுவின் போக்கிலேயே தலையிட்டிருக்கிறார்கள், நம்பிக்கையும் அந்த அளவு நீடிக்கவில்லை. சாமியாடியைப் பார்க்கப் போனவன் உடுக்கையையும் தானே அடித்துவிட்டு, ஆட்டத்தை ஆராய்ச்சி என்று எழுதிய கதைதான்.

இதெல்லாம் அமெரிக்க விவகாரம், நமக்கென்ன என்று தள்ளிவிட முடியாது. வேற்றுக்கிரகத்தவரைக் குருவாக்கும் நவீன சமயங்களின் பூர்வீகத்தைத் தேடும் ஆய்வாளர்கள் வந்து நிற்கும் இடங்களில் ஒன்று சென்னை அடையாறு. பிளவாட்ஸ்கியும் ஆல்காட்டும் 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882 டிசம்பரில் அடையாறுக்குக் குடிவந்தது. அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் சேர்ந்து 1913இல் வெளியிட்ட நூலில், மனிதகுலத்தை வழிநடத்த வெள்ளிக்கிரகத்திலிருந்து 'அக்கினித் தலைவர்கள்' வருகிறார்கள். கோதுமையும் தேனீயும்கூட அங்கிருந்து வந்தவைதானாம். (நெல் எங்கிருந்து வந்ததோ!) 1950களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் கிங் நிறுவிய ஈத்தேரியஸ் சபைக்கும் குரு வெள்ளிக்கிரகத்தில்தான் இருந்தார். சரக்கு ஒன்றுதான், கடைதான் வேறு.

கிங்கைப் 'பறக்கும் தட்டு பக்தர்' என்றார்கள். பெசன்டையோ 1917இல் காங்கிரஸ் தலைவராக்கினார்கள். பங்களா, ஆங்கிலம், நூலகம், வேதாந்தம் எல்லாம் சேர்ந்தால் வெள்ளிக்கிரகமும் தத்துவமாகிவிடுகிறது. நம்பிக்கையின் உள்ளடக்கத்தைவிட நம்புகிறவரின் இடமே அதன் பெயரைத் தீர்மானிக்கிறது.

அடையாறை யாருமே விமர்சிக்கவில்லை என்றல்ல. இரண்டு விமர்சனங்கள் வந்தன. இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது, 1884 செப்டம்பரில் சென்னை கிறித்தவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. பிளவாட்ஸ்கி அற்புதங்களைச் செட்டப் செய்ததாகக் காட்டும் கடிதங்களை அது அச்சிட்டது. லண்டனின் உளவியல் ஆராய்ச்சிக் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அடையாறுக்கே அனுப்பியது; 1885 அறிக்கை அவரை மோசடிக்காரர் என்றது. (நூறாண்டு கழித்து, 1986இல், அந்த அறிக்கையின் ஆய்வுமுறையைக் கடுமையாகத் தாக்கிய கட்டுரையை அதே கழகத்தின் இதழே வெளியிட்டது.) கடிதங்களை வெளியிட்டது ஒரு மிஷனரிக் கல்லூரி என்பதை மறக்கக்கூடாது. தன் அற்புதங்களை நம்பிக்கை என்றும் அடுத்தவர் அற்புதங்களை மோசடி என்றும் பிரித்துச் சொல்லும் அதிகாரம் அதன் கையில் இருந்தது.

இரண்டாவது, டி.எம்.நாயருடையது. 1916இல் நீதிக்கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். அதற்கு முன்பே, தன் 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழில் லெட்பீட்டர் விவகாரத்தை வெளியிட்டார். பெசன்ட் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார். கிருஷ்ணமூர்த்தியின் தந்தை நாராயணய்யா, தன் இரண்டு பிள்ளைகளையும் மீட்டுத் தரும்படி 1912இல் வழக்குத் தொடர்ந்தார். சென்னை உயர்நீதிமன்றம் மிக மோசமான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றது. ஆனாலும் லெட்பீட்டர் சிறுவர்களுக்கு ஆசிரியராக இருக்கத் தகாதவர் என்று சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பித்தர உத்தரவிட்டது. 1914இல் பிரிவி கவுன்சில் அதை மாற்றிப் பெசன்டுக்குச் சாதகமாகத் தீர்த்தது.

இந்த விவகாரத்தில் வெள்ளிக்கிரகம் இருக்கிறதா இல்லையா என்பது பிரச்சினையே அல்ல. ஒரு ஏழைத் தகப்பனின் பிள்ளைகள் யார் கையில் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. விமர்சனம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

தமிழ்ப் புலமை உலகம் என்ன செய்தது? அதுதான் வேடிக்கை. பிரம்மஞானி ஸ்காட் எலியட் 1904இல் 'மறைந்த லெமூரியா' எழுதினார். அவருடைய லெமூரியர்களுக்கும் வெள்ளிக்கிரகத்தார்தான் வழிகாட்டிகள். நம் குமரிக்கண்ட நூல்கள் அவரைச் சான்றாக எடுத்துக்கொண்டன. கடல்கொண்ட நிலத்தை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிரகத்தாரை நைசாகக் கழற்றிவிட்டார்கள். ஞானதிருஷ்டியில் கண்டதாகச் சொன்னது நமக்கு வரலாற்றுச் சான்றாகிவிட்டது. அடுத்தவனைக் 'கல்ட்' என்று சொல்லுமுன் நம் அலமாரியையும் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

'கல்ட்' என்ற வசைச்சொல் வேண்டாமென்று மேற்கத்திய ஆய்வாளர்கள் 'புதிய சமய இயக்கம்' என்ற சொல்லுக்கு மாறினார்கள். ஜேம்ஸ் லூயிஸ் தொகுத்து 1995இல் வந்த 'தெய்வங்கள் தரையிறங்கிவிட்டன' என்ற ஆங்கில நூல், பறக்கும் தட்டுச் சமயங்களைச் சமயமாகவே வாசித்தது. நல்ல காரியம். ஆனால் அதே 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ விஷவாயு வீசியது. மே மாதம் அதே லூயிஸும், அந்நூலில் எழுதிய கார்டன் மெல்ட்டனும் ஓம் அமைப்பின் செலவிலேயே ஜப்பான் போய், அதற்கு ஆதரவாகப் பேசினார்கள். ஓம் பறக்கும் தட்டுச் சமயம் அல்ல. ஆனால் அனுதாபம் கண்ணை எப்படி மறைக்கும் என்பதற்கு இது போதும். ஊடகம் இதற்கு நேரெதிர்: 1997 மார்ச்சில் கலிபோர்னியாவில் 'ஹெவன்ஸ் கேட்' குழுவினர் 39 பேர் செத்துக் கிடந்தபோது, அவர்கள் போட்டிருந்த ஒரே மாதிரிக் காலணிதான் பேச்சாக இருந்தது.

சிரிப்பு, அனுதாபம் இரண்டுமே ஒரு விஷயத்தைத் தவிர்க்கின்றன: அதிகாரம். உள்ளே போனவர் வெளியே வர முடிகிறதா? பணம் யாரிடம் சேர்கிறது? பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கிறார்கள்? யார் சாகச் சொல்கிறார், யார் சாகிறார்? இந்தக் கேள்விகளைப் பழைய மடத்திடமும் கேட்கலாம், புதிய ஆசிரமத்திடமும் கேட்கலாம், கட்சி அலுவலகத்திடமும் கேட்கலாம். கேட்பதற்கு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.