வாரம் ஒரு பென்னி

அரிச்சந்திரன் கதையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் அவன் வாய்மையைப் பற்றித்தான் எழுதித் தருகிறார்கள். நான் சந்திரமதியிடமே நின்றுவிடுகிறேன். பாம்பு தீண்டிய மகனைத் தூக்கி வந்தவளிடம் சுடலையில் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறார்கள். அவளிடம் இல்லை. இல்லாதவள் எங்கிருந்து கொண்டுவருவாள்?

இந்தக் கேள்விக்குக் கணக்கோடு விடை சொல்லும் புத்தகம் ஒன்று லண்டனிலிருந்து 1913இல் வந்தது. மாட் பெம்பர் ரீவ்ஸ் எழுதிய ‘ரவுண்ட் அபௌட் எ பவுண்ட் எ வீக்’. லாம்பெத் பகுதியில் வாரம் ஒரு பவுண்டை ஒட்டிய வருமானத்தில் குடும்பம் நடத்திய பெண்களின் வரவுசெலவை ஃபேபியன் பெண்கள் குழு எழுதி வாங்கியது. குழந்தைக்கு வாரம் ஒரு பென்னி வீதம் சாவுக் காப்பீட்டுக்குப் போகிறது. நான்கு குழந்தைகள் என்றால் நான்கு பென்னி. பால் வாங்க வேண்டிய காசு அது. ஊதாரித்தனம் என்று படித்தவர்கள் கடிந்தார்கள். ரீவ்ஸ் அந்தத் தாய்மார்களின் பக்கம் நின்றார். பணமில்லாவிட்டால் ஊர்ச் செலவில் அநாதைப் புதைப்பு; அந்த அவமானத்துக்கு அவர்கள் அஞ்சினார்கள்.

ஒரு குழந்தையின் அடக்கச் செலவை அவர் அப்படியே அச்சிட்டிருக்கிறார். அடக்கத்துக்கு 1 பவுண்டு 12 ஷில்லிங். குளிப்பாட்டிக் கிடத்திய பெண்ணுக்கு 2 ஷில்லிங். பூவுக்கு 6 பென்ஸ். அப்பாவின் கறுப்பு டைக்கு 1 ஷில்லிங். காப்பீட்டு முகவருக்கும் 1 ஷில்லிங்! மொத்தம் 2 பவுண்டு 1 ஷில்லிங் 9 பென்ஸ். இரண்டு வாரத்துக்கு மேலான வருமானம்.

சட்டம் இந்தப் பெண்களைச் சந்தேகித்தது. காப்பீட்டுப் பணத்துக்காகத் தாய்மார்கள் பிள்ளைகளைச் சாகவிடுகிறார்கள் என்ற பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இருந்தது. 1875ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 6 பவுண்டுக்கு மேல் கிடைக்கக் கூடாது என்றது.

போருக்குப் பிறகு 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசே சாவு மானியம் தந்தது. பெரியவர் ஒருவருக்கு 20 பவுண்டு, பிறகு 30. விலைவாசி எங்கோ போனது, தொகை அங்கேயே நின்றது. 1987இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டே ஆண்டுகளில், 1989இல், வேல்ஸின் ஸ்வான்சீயில் கரோலின் ஹாரிஸின் எட்டு வயது மகன் மார்ட்டின் சாலை விபத்தில் இறந்தான். வங்கிக் கடன் வாங்கித்தான் அவனை அடக்கம் செய்தார். 2015இல் நாடாளுமன்ற உறுப்பினரான பிறகு, குழந்தைகளின் அடக்கக் கட்டணத்தை நீக்கச் சொல்லிப் போராடினார். வேல்ஸ் முதலில் இசைந்தது. இங்கிலாந்தில் 2019 ஜூலையில் குழந்தைகள் அடக்க நிதி வந்தது. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கும் 24 வாரத்துக்குப் பின் இறந்து பிறந்த சிசுக்களுக்கும் புதைக்க, எரிக்கக் கட்டணம் இல்லை. வருமானச் சான்று கேட்பதில்லை. சவப்பெட்டிக்கு 300 பவுண்டு வரை உண்டு. கல்லறைக் கல்லுக்குக் கிடையாது.