தனிம அட்டவணையும் பத்தாம் வகுப்போடு நிற்பவர்களும்

மெண்டலீவ் தனிம வரிசை அட்டவணையைப் போட்டது, ஒரு பாடப்புத்தகத்தை எழுதி முடிக்க முடியாமல் திண்டாடியபோது. 1867இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் ஆனவருக்கு, மாணவர்கள் கையில் கொடுக்க ருஷ்ய மொழியில் உருப்படியான நூல் அகப்படவில்லை. தானே எழுத உட்கார்ந்தார். அன்றைக்குத் தெரிந்திருந்த தனிமங்கள் 63. முதல் பாகம் முடியும்போது எட்டுதான் தீர்ந்திருந்தன. மிச்சம் 55ஐயும் இரண்டாம் பாகத்துக்குள் அடைத்தாக வேண்டும். நம்மூர் வாத்தியார் பாஷையில் சொன்னால், போர்ஷன் முடியவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனால் கதைக்கு ஆகாது. குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒன்றைச் சொன்னால் அதன் பங்காளிகளின் குணமும் விளங்கும்படி அடுக்க வேண்டும். இந்த நெருக்கடியிலிருந்துதான் 1869இல் அட்டவணை வந்தது.

அதாவது, பாடச்சுமையைக் குறைக்கப் பிறந்த சாதனம் அது. என்.சி.இ.ஆர்.டி. 2022இல் அறிவித்து, 2023இல் அச்சிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து இந்த அத்தியாயத்தை எடுத்தபோது சொன்ன காரணமும் பாடச்சுமை! கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கிறார்களாம். விமர்சனம் கிளம்பியதும், அது எங்கும் போய்விடவில்லை, பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது என்றார்கள். அதே கத்தரிப்பில் பரிணாமப் பாடமும் போனது. அதை எதிர்த்து 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். டார்வினுக்குக் கிளம்பிய சத்தம் மெண்டலீவுக்குக் கிளம்பவில்லை. கடவுளோடு மோதாத பாடம் காணாமல் போனால் அதில் அரசியல் இருப்பதாக நமக்கே தோன்றுவதில்லை போலும்.

'பதினொன்றில் இருக்கிறது' என்னும் இந்தச் சாதுவான வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். பதினொன்றில் யாருக்கு? அறிவியல் குரூப் எடுப்பவருக்கு. காமர்ஸ் போகிறவர், பாலிடெக்னிக் போகிறவர், ஐ.டி.ஐ. போகிறவர், பத்தோடு நிறுத்தி வேலைக்குப் போகிறவர் யாருக்கும் இல்லை. ஆவடியில் இந்தப் பிளவைக் கண்ணாலேயே பார்க்கலாம். ராணுவத் தொழிற்சாலைகளையும் விமானப்படை நிலையத்தையும் ஒட்டியுள்ள கேந்திரிய வித்யாலயாக்களில் என்.சி.இ.ஆர்.டி. நூல். தெருத் தள்ளியிருக்கிற அரசுப் பள்ளியில் தமிழ்நாட்டுப் பாடநூல். 2018, 2019இல் வந்த அந்த ஒன்பதாம், பத்தாம் வகுப்பு நூல்கள் இரண்டிலும் அட்டவணை உண்டு. மத்திய அரசுப் பள்ளி என்றால் உசத்தி என்று சிபாரிசுக்கு அலைகிற நடுத்தர வர்க்கம் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எடுத்ததில் என்ன போயிற்று? ஒன்பதாம் வகுப்பில் அணு அமைப்பு வந்துவிடுகிறது: கே, எல், எம் கூடுகள், சோடியத்துக்கு 2, 8, 1, பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1. கடைசியில் தனியாக நிற்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானால்தான் இரண்டும் தண்ணீரில் போட்டதும் துள்ளுகின்றன. அட்டவணையில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பார்த்தால் சொல்லாமலே விளங்குகிற விஷயம். அட்டவணையை உருவிவிட்டால் அவை உருப்போட வேண்டிய வெறும் எண்கள். அணு எடையை வைத்து மெண்டலீவ் அடுக்கியதில் சில இடங்கள் இடறின. அடுக்கை நிர்ணயிப்பது எடையல்ல, அணு எண் என்று 1913இல் எக்ஸ் கதிர் கொண்டு காட்டினார் மோஸ்லி. 1915இல் கல்லிப்போலிப் போர்முனையில் செத்துப்போனபோது அவருக்கு 27 வயது. அணு அமைப்பையும் அட்டவணையையும் ஒன்றாகத் தைத்த கை அது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழிப்பது என்ன கல்வியோ.

யாருக்கு எவ்வளவு வேதியியல் என்கிற கேள்வி தமிழில் பழசு. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீனும் அவருடைய மாணவர்களும் உழைத்த 'கெமிஸ்தம்' 1875இல் வெளியானது. மெண்டலீவ் ஏகா-அலுமினியம் என்று பெயரிட்டுக் காலியாக விட்டிருந்த இடத்தில் காலியம் வந்து உட்கார்ந்ததும், உலகம் அட்டவணையை நம்பத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். (இந்த 'ஏக' சம்ஸ்கிருத எண் என்பதை வைத்து அட்டவணையே பாணினியின் கொடை என்று பெருமை பேசுவோர் உண்டு. முன்னொட்டு நிச்சயம், மீதி ஊகம். அந்தப் பெருமை 2023இல் அட்டவணையைக் காப்பாற்றவில்லை என்பது மட்டும் தெரிகிறது.)

1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். பிறகு ராஜாஜி 'திண்ணை ரசாயனம்' எழுதினார். தமிழில் வேதியியல் சொல்ல முடியும் என்று நிரூபிக்க முனைந்தவர்களில் அவர் முக்கியமானவர், மறுப்பதற்கில்லை. ஆனால் திண்ணை என்பது எல்லாரும் ஏறி உட்காரக்கூடிய இடமா? இதே ராஜாஜி முதலமைச்சராக இருந்து 1953இல் கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி அரை நாள். மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று எதிர்ப்பு மூண்டு, 1954இல் அவர் பதவி விலகி, காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். திண்ணையில் ரசாயனம், கீழே தறியும் சக்கரமும்: இரண்டையும் ஒரே மனம் முரணில்லாமல் யோசிக்க முடிந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

சொற்களுக்கான சண்டை வேறு தனியாக நடந்தது. 1936இல் சென்னையில் விபுலாநந்தர் தலைமையில் கூடிய சொல்லாக்க மாநாடு, 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு போட்ட குழு, அதன் வடமொழிச் சாய்வுக்கு எதிராக எழுந்த கண்டனங்கள் என்று நீண்ட கதை. பிராணவாயு போய் ஆக்சிஜன் நின்றது, ஈழத்தில் ஒட்சிசன். இங்கே தனிமம், அங்கே மூலகம். 'ஆவர்த்தன'த்தை மட்டும் இரு கரையும் விடவில்லை. சபா பக்கம் போனவனுக்கு அதைக் கேட்டால் மிருதங்கம் ஞாபகம் வரும், போகாதவனுக்கு ஒன்றும் வராது. அப்படி வந்துசேர்ந்த சொற்கள் பத்தாம் வகுப்போடு நிற்பவர் காதில் விழுகின்றனவா என்பதே இப்போதைய கேள்வி.

அவர்கள் வந்து சேருகிற இடங்களில் ஒன்று அம்பத்தூர். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 60களில் எஸ்டேட், பக்கத்து ஆவடியில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட ஆலை என்று வளர்ந்த பிரதேசம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டருக்கும் டர்னருக்கும் பத்தாவது தேவை, வெல்டருக்கு எட்டு போதும். வட மாநிலங்களிலிருந்து வந்து இறங்கும் பையன்களும் இப்போது நிறைய. பிளேட்டிங் ஷாப்புகளில் இரும்பைப் பளபளக்க வைப்பது அட்டவணையின் 24ஆம் தனிமம், குரோமியம். தொட்டியில் இருப்பது குரோமிக் ஆசிட். அதில் குரோமியம் ஆறு எலக்ட்ரானையும் இழந்த நிலையில் இருக்கிறது. மின்சாரம் விட்டதும் குமிழி குமிழியாக வாயு கிளம்பி, மஞ்சள் புகைமூட்டம்போல் நுண்துளிகள் மேலே வரும். கையில் ஆறாத குழிப்புண், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை, வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்று. மூன்று எலக்ட்ரானை இழந்த குரோமியம் அவ்வளவு கொடியதல்ல.

ஏன் இந்த வித்தியாசம்? மெண்டலீவ் 1871இல் போட்ட எட்டுத் தொகுதி அட்டவணையில் குரோமியமும் கந்தகமும் ஒரே ஆறாம் தொகுதியில் நிற்கின்றன. இன்றைய அட்டவணையில் ஒன்று 6, மற்றது 16. இரண்டாலும் ஆறைக் கொடுக்க முடியும். அதனால் குரோமேட் அயனி சல்பேட் அயனியின் சாயலில் இருக்கிறது. உடம்பின் செல் சல்பேட்டுக்குத் திறந்து வைத்திருக்கும் வாசலில் இது நுழைந்துவிடுகிறது. உள்ளே போய்த்தான் மூன்றாக இறங்கி மரபணுவைச் சிதைக்கிறது. பூந்தமல்லியிலிருந்து கிளம்பும் பெங்களூர் சாலையில் போனால் வரும் ராணிப்பேட்டையில், 1995இல் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். அங்கே நிலத்தடி நீரில் இறங்கியதும் இதே ஆறு.

மெண்டலீவைப் படித்தால் மூக்கு தப்பிக்கும் என்று சொல்ல வரவில்லை. புகைபோக்கி, கையுறை, முகக்கவசம் எல்லாம் கேட்டு வாங்குவதற்குச் சங்கம் வேண்டும். ஒப்பந்தக் கூலிக்குச் சங்கமும் இல்லை. ஆனால் என்னவென்று கேட்பது? ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து தனி அனுமதி இல்லாமல் தொட முடியாத சரக்குக்கு ஷாப்பில் பேர் 'ஆசிட்'. கந்தக அமிலத்துக்கும் அதே பேர்தான்.