ஐநூறு ரூபாய்

பனவடலிசத்திரம் பக்கம் "அத்து விட்டாச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பிள்ளை யார் சோற்றில் வளரும் என்பது அந்த வார்த்தைக்குள் இல்லை. கோர்ட்டு படியேறினால்தான் அந்தக் கேள்வியே வரும்.

அங்கேயும் நெடுநாள் அரைகுறைதான். 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488வது பிரிவுக்கு இருந்த கவலை, கைவிடப்பட்டவர்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பது மட்டும். அப்பன் வீட்டில் நெய்ச்சோறு, ஆத்தா வீட்டில் கஞ்சி என்றால் சட்டத்துக்கு என்ன? மாதம் 50 ரூபாய் உச்சவரம்பு, பிறகு 100, 1955இல் 500. 1973இல் சட்டமே புதிதானது, பிரிவு எண் 125 ஆனது. தொகை மட்டும் அதே ஐநூறு!

அது குடும்பத்துக்கே மொத்தமாக அல்ல, ஆளுக்கு ஐநூறு என்று உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978இல் தீர்ப்பெழுதினார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அது. வரம்பு நீங்கியதோ 2001இல். 1955இல் ஒரு நல்ல சம்பளமாக இருந்த தொகை, அதற்குள் பள்ளிக்கூட பீஸுக்கே காணாமல் போயிருந்தது.

2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இருவரும் சொத்து, வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றானது. மாதச் சம்பளக்காரனுக்குச் சரி. சங்கரன்கோவில் தறிக்கூலிக்குச் சம்பளச் சீட்டு ஏது? பெரும்பாலும் அவன் சொல்வதுதான் கணக்கு.