அச்சுக்கூடத்திலிருந்து தரவுத்தளம் வரை: இதழியல் வகுப்பறையின் வரலாறு

செய்தியைத் திரட்டுவது, சரிபார்ப்பது, வெளியிடுவது ஆகிய மூன்றையும் கணினி, இணையம், கைப்பேசி வழியே செய்யும் டிஜிட்டல் இதழியல் கல்லூரிப் பாடமாகி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே ஆகின்றன என்றாலும், இத்தகைய படிப்பால் மாணவருக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்வி அதைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்பகுதிப் படையின் தளபதி ராபர்ட் லீ, பின்னர் வர்ஜீனியாவில் வாஷிங்டன் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, அச்சுத்தொழிலும் இதழியலும் பயில்வோருக்கு உதவித்தொகை தரும் திட்டமொன்றை 1869-இல் முன்வைத்தார். பத்திரிகையாளர் செய்தி அறையில்தான் உருவாகிறார், வகுப்பறையில் அல்ல என்று கருதிய அன்றைய ஆசிரியர்கள் பலர் இதை எள்ளி நகையாட, பத்தாண்டு முடிவதற்குள் அத்திட்டம் மறைந்தது.

அந்த ஏளனத்துக்கு நிலையான விடை மிசௌரி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. கல்லூரிப் பட்டம் ஏதும் பெறாதவரும், அச்சுக்கூடத்தில் தொழில் கற்று ஆசிரியரானவருமான வால்டர் வில்லியம்ஸ் 1908-இல் அங்கு நிறுவிய இதழியல் பள்ளியில், வகுப்புகள் தொடங்கிய முதல் நாளான செப்டம்பர் 14 அன்றே மாணவர்களின் நாளிதழும் வெளிவந்தது. செய்து கற்றல் என்ற இம்முறையின் வலிமை, மாணவர் எழுதுவதை ஆசிரியர் மட்டுமல்லாமல் ஊரும் படிக்கிறது என்பதில் இருந்தது. பெயரைப் பிழையாக அச்சிட்டால் மதிப்பெண் குறைவதோடு விஷயம் முடியாது, அப்பெயருக்குரியவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

செய்தித்தாள் முதலாளி ஜோசப் புலிட்சர் வேறு வழியில் சிந்தித்தார். அவர் அளித்த 20 இலட்சம் டாலர் கொடையால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி, அவர் இறந்த மறு ஆண்டான 1912-இல் திறக்கப்பட்டது. சட்டம், வரலாறு, பொருளியல் முதலியவற்றோடு புள்ளியியலையும் பத்திரிகையாளர் கற்க வேண்டும் என்று 1904-இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்திய அவர், விளம்பரம், விற்பனை போன்ற வணிகப் பாடங்களுக்கு அங்கு இடமே கூடாது என்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட்டோ அவற்றையும் சேர்த்தே திட்டம் வகுத்திருந்தார். வாசகர் வருகையை அளப்பதும் சந்தா வருவாயைக் கணக்கிடுவதும் பாடமாகிவிட்ட இன்றைய டிஜிட்டல் இதழியல் படிப்புகள் இவ்வழக்கில் எலியட்டின் பக்கம் சாய்ந்திருக்கின்றன. செல்வத்தைச் செய்தித்தாள் விற்றே சேர்த்த புலிட்சர் மாணவர்களிடமிருந்து அந்தக் கணக்கை மறைக்க விரும்பியது சற்றே வேடிக்கைதான்.

இந்தியாவுக்கு வந்தது பெரும்பாலும் மிசௌரியின் மரபே. அங்குப் பயின்று திரும்பிய பி. பி. சிங் 1941-இல் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறையைத் தொடங்கினார். நாட்டுப் பிரிவினையால் அத்துறை தில்லிக்கும் பின்னர் சண்டிகருக்கும் பெயர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-இல் இப்பாடத்தைத் தொடங்கியது.

கல்லூரிப் படிப்பு செய்தியாளரின் கைக்கு எதைத் தர முடியும் என்பதற்குத் தெளிவான சான்று, இணையத்துக்கு முந்தைய கணினிக் காலத்தில் கிடைக்கிறது. நைட் செய்தித்தாள் குழுமத்தின் வாஷிங்டன் செய்தியாளரான பிலிப் மேயர், 1966-67 கல்வியாண்டில் பத்திரிகையாளர்களுக்கான நீமன் உதவித்தொகை பெற்று ஹார்வர்டில் தங்கி, சமூக அறிவியலின் ஆய்வு முறைகளையும் கணினியையும் பயின்றார். அவர் திரும்பிய சில வாரங்களில், 1967 ஜூலையில், டெட்ராய்ட் நகரில் 43 பேரைப் பலிகொண்ட கலவரம் மூண்டது. கலகம் செய்தவர்கள் படிப்பற்றவர்கள் என்றும், தென் மாநிலங்களிலிருந்து வந்து நகர வாழ்வில் ஒட்ட முடியாதவர்கள் என்றும் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. மேயரும் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கலவரப் பகுதிவாசிகளை மாதிரிக் கணிப்பு முறையில், அதாவது முழு மக்கள்தொகையையும் சரியாகப் பிரதிபலிக்குமாறு சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேள்வி கேட்கும் முறையில், அணுகி விடைகளைக் கணினியில் பகுத்தபோது இரு கருத்துகளும் பொய்த்தன. கல்லூரி கண்டவர்களும் பள்ளியை இடையில் விட்டவர்களைப் போலவே கலவரத்தில் இறங்கியிருந்தனர். தெற்கில் வளர்ந்தவர்களைவிட வடக்கில் வளர்ந்தவர்களே மிகுதியாகப் பங்கேற்றிருந்தனர். வழக்கமான நேர்காணல்கள் எத்தனை எடுத்திருந்தாலும் இவ்வுண்மை வெளிப்பட்டிருக்காது. மேயர் 1973-இல் நூலாக விரித்துரைத்த இம்முறையின் வழித்தோன்றலே, பெருந்தொகுதியான பதிவேடுகளை அலசிச் செய்தி காணும் இன்றைய தரவு இதழியல். புள்ளியியல் பற்றிய புலிட்சரின் விருப்பம் இவ்வாறு அறுபது ஆண்டு கழித்துப் பலித்தது.

கருவியைவிட ஆய்வு முறையே முக்கியம் என்ற இந்தப் பாடத்தை, இணையம் வந்தபின் வகுப்பறைகள் எப்போதும் நினைவில் வைத்திருக்கவில்லை. புளோரிடா பல்கலைக்கழக இதழியல் கல்லூரி 1993-இலேயே தனக்கென இணையத்தளம் அமைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பல கல்லூரிகள் மென்பொருள் பயிற்சியையே பாடத்தின் மையமாக்கின. அந்த மென்பொருள்களுள் அசைபடச் செய்திகளுக்காக மாணவர்கள் வருந்திக் கற்ற ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020 இறுதியோடு ஆதரவு நிறுத்தப்பட்டது. அதைக் கற்றோரிடம் எஞ்சியது, காட்சியையும் எழுத்தையும் எவ்வரிசையில் அடுக்கினால் வாசகருக்குப் புரியும் என்ற தெளிவு மட்டுமே. அத்தெளிவையும் எல்லா வகுப்புகளும் தந்தன எனச் சொல்ல இயலாது.

சரிபார்த்தல் பயிற்சியின் மதிப்பை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்போர்டு மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் இணையப் பக்கங்கள் தரப்பட்டு, எது நம்பத்தக்கது என்று கேட்கப்பட்டது. ஒன்று 1930 முதல் இயங்கும் பெரிய தொழில்முறைக் கழகம், மற்றது அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்த சிறு குழு. மாணவர்கள் பலரும் வரலாற்றாசிரியர்கள் பலரும் அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே நின்று, சின்னத்தையும் மேற்கோள்களையும் ஆழ்ந்து படித்து ஏமாந்தனர். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளிலேயே அப்பக்கத்தை விட்டு வெளியேறி, அவ்வமைப்பைப் பற்றிப் பிறர் சொல்வதை வேறு பக்கங்களில் தேடினர். பக்கவாட்டு வாசிப்பு எனப்படும் இப்பழக்கத்தை ஆய்வாளர்கள் பின்னர் பள்ளி, கல்லூரிப் பாடங்களாக வடிவமைத்தனர்.